கில்ட்டியா, லயபிளா, ரிக்ரெட்டா? ஆங்கிலக் குற்றச் சொற்களில் எதை எங்கே போடுவது

'தப்பு என் மேலதான்' என்று தமிழில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அதையே ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் கில்ட்டி, கல்பபிள், ப்ளேம்வொர்தி, லயபிள், ரெஸ்பான்சிபிள், அக்கவுண்டபிள் என்று வரிசைகட்டி நிற்கின்றன. அகராதியும் கைகொடுப்பதில்லை. ஒரு சொல்லுக்கு இன்னொன்றைப் பொருளாகப் போட்டு, அந்த இன்னொன்றுக்குப் போனால் முதல் சொல்லுக்கே திருப்பி அனுப்பிவிடும். மொழிபெயர்ப்பவர், செய்தி எழுதுபவர், அலுவலகத்தில் மன்னிப்பு மெயில் எழுதுபவர் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது.

சொல்லைத் தேடும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தக் குற்றத்தைச் சொல்வது யார்? நீதிமன்றமா, ஊரா, அவரவர் நெஞ்சா? கன்விக்டட், லயபிள் இரண்டும் நீதிமன்றத்தின் சொற்கள். ப்ளேம், அக்கவுண்டபிள் ஆகியவை ஊரும் அலுவலகமும் சொல்பவை. ரிமோர்ஸ், ஷேம், ரிக்ரெட் நெஞ்சுக்குள் இருப்பவை. மூன்று இடத்திலும் தாராளமாகப் புழங்குவது 'கில்ட்டி' ஒன்றுதான். அதிகம் தவறாக விழுவதும் அதுவே.

கில்ட்டி: பின்னால் வருவதைப் பாருங்கள்

'கில்ட்டி ஆஃப்' என்றால் செய்தார் என்ற முடிவு. 'கில்ட்டி அபவுட்' என்றால் உள்ளுக்குள் உறுத்தல். 'ஹி இஸ் கில்ட்டி ஆஃப் தெஃப்ட்': திருடியது உறுதி. 'ஷி ஃபீல்ஸ் கில்ட்டி அபவுட் லீவிங் தி சைல்ட் அட் ஹோம்': குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாயின் உறுத்தல். அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. மறுபக்கம், கொலை செய்துவிட்டுத் துளியும் உறுத்தல் இல்லாதவரும் 'கில்ட்டி ஆஃப் மர்டர்'தான். ஒன்று இருந்தால் மற்றது இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நம்மவர்கள் அதிகம் எழுதும் பிழை 'கில்ட்டி ஃபார் தெஃப்ட்'. குற்றத்தின் பெயர் வந்தால் 'ஆஃப்' மட்டுமே. 'ஃபீல்' சேர்ந்த உணர்வு வாக்கியத்தில் மட்டும் 'ஃபார்' வரலாம்: 'ஐ ஃபீல் கில்ட்டி ஃபார் ஷவுட்டிங் அட் ஹிம்'.

'ஆஃப்' வந்துவிட்டாலே போலீஸ் கேஸ் என்றும் நினைக்க வேண்டாம். 'வி ஆர் ஆல் கில்ட்டி ஆஃப் இட்' என்றால் 'நாம எல்லாருமே செய்யறதுதான்' என்ற அளவுதான். 'கில்ட்டி பிளெஷர்' அதைவிட லேசானது. மெகா சீரியலை ஒரு எபிசோடு விடாமல் பார்ப்பதும், வெளியே கேட்டால் 'அம்மா பார்ப்பாங்க' என்று சொல்வதும் அந்த வகை. அதைக் 'குற்ற இன்பம்' என்று மொழிபெயர்த்தால் கதையே வேறாகிவிடும். 'வெளியே சொல்லக் கூச்சப்படும் ரசனை' என்று விரித்து எழுதுவதே நல்லது. 'கில்ட் ட்ரிப்' என்பது அடுத்தவர் மனதில் உறுத்தலைத் திட்டமிட்டு ஏற்றுவது. 'நான் போனப்புறம்தான் என் அருமை தெரியும்' என்ற வீட்டு வசனத்தைவிடச் சரியான எடுத்துக்காட்டு இதற்குக் கிடையாது.

எழுத்துக் குழப்பம் ஒன்றும் உண்டு. தங்க முலாமைக் குறிக்கும் இன்னொரு 'கில்ட்' ஆங்கிலத்தில் எழுத்தில் வேறு, ஒலியில் ஒன்றே. நம் ஊர் கில்ட்டு நகை அதிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் அரசுக் கடன் பத்திரங்களையும் 'கில்ட்ஸ்' என்பார்கள். பொருளாதாரச் செய்தியில் 'கில்ட்ஸ்' என்று காதில் விழுந்தால் அங்கே குற்றம் எதையும் தேட வேண்டாம்.

கல்பபிள்: அளவுகோல் உள்ள சொல்

லத்தீனில் 'குல்பா' என்றால் தவறு. அதிலிருந்து வந்த 'கல்பபிள்', 'கில்ட்டி'யைவிட ஒரு படி மென்மையானது. செய்யக் கூடாததைச் செய்தவரோடு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவரையும் சேர்த்துப் பிடிக்கும். 'கில்ட்டி' ஆம், இல்லை என்று இரண்டே பதில் உள்ள சொல். 'கல்பபிள்' கூடும், குறையும். சாலையில் பள்ளம் தோண்டித் தடுப்பு வைக்காமல் போன ஒப்பந்ததாரர், பார்க்காமலே கையெழுத்துப் போட்ட பொறியாளர் இருவரில் யார் 'மோர் கல்பபிள்' என்று கேட்கலாம். அந்த இடத்தில் 'மோர் கில்ட்டி' ஒட்டாது.

அமெரிக்காவில் 1962-ல் வெளிவந்த மாதிரித் தண்டனைச் சட்டம் இந்த அளவுகோலை நான்கு படிகளாக்கியது: வேண்டுமென்றே செய்தல், விளைவு தெரிந்தே செய்தல், ஆபத்து தெரிந்தும் பொருட்படுத்தாமல் செய்தல், தெரிந்திருக்க வேண்டியதைக் கவனிக்காமல் விடுதல். ஒருவரை 'கல்பபிள்' என்று எழுதும்போது அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதையும் அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். இல்லையென்றால் படிப்பவர் தானாகவே மேல்படிக்கு ஏற்றிவிடுவார்.

'ப்ளேம்வொர்தி' ஒழுக்கத்தின் சொல். பழிக்குத் தகுந்தவர் என்பதோடு அது நின்றுவிடும். 'டு ப்ளேம்' இன்னும் தளர்வானது, காரணம் என்ற பொருளில் உயிரற்றதற்கும் வரும். 'தி ரெயின் இஸ் டு ப்ளேம்' என்று மழையைச் சொல்லலாம், 'ரெஸ்பான்சிபிள்' என்றும் சொல்லலாம். 'கில்ட்டி', 'கல்பபிள்', 'அக்கவுண்டபிள்' மூன்றையும் மழை மேல் வைக்க முடியாது. எழுதப்போகும் சொல்லை மழையோடு வைத்துப் பாருங்கள்: ஒட்டினால் அது காரணத்தை மட்டும் சொல்லவும் வல்லது, ஒட்டவில்லையென்றால் மனிதரை எடைபோடும் சொல்.

சட்டத்தில் 'கல்பபிள் ஹோமிசைட்' தனிச் சொல், அதை உடைத்து மொழிபெயர்க்கக் கூடாது. 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 299-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 100-வது பிரிவு. கொலை 101-ல் வருகிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் இவை 293, 294. 'கல்பபிள் ஹோமிசைட் நாட் அமௌண்டிங் டு மர்டர்' என்பதைக் 'கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல்' என்று முழுதாக எழுத வேண்டும். 'கொலை வழக்கு' என்று சுருக்கினால் அது வேறு பிரிவு, வேறு தண்டனை. கவனக்குறைவால் மரணம் என்பது மூன்றாவது: பழைய 304ஏ, இப்போது 106.

இந்த வித்தியாசம் வெறும் சொல் விளையாட்டு இல்லை என்பதற்கு போபால் வழக்கு போதும். 1984 டிசம்பர் 2 இரவு அங்கே யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. மத்தியப் புலனாய்வுத் துறை 'கல்பபிள் ஹோமிசைட்' என்றுதான் வழக்குப் போட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு என்ற 304ஏ-வாகக் குறைத்தது. அதன்கீழ் விதிக்க முடிந்த அதிகபட்சச் சிறை இரண்டு ஆண்டு. 2010 ஜூன் 7 அன்று போபால் நீதிமன்றம் யூனியன் கார்பைடின் இந்திய நிறுவனத்தின் முன்னாள் அதிகாரிகள் ஏழு பேருக்கு அந்த இரண்டு ஆண்டைத்தான் விதித்தது. அவர்களை 'கன்விக்டட் ஆஃப் காசிங் டெத் பை நெக்லிஜென்ஸ்' என்று எழுதலாம், 'கன்விக்டட் ஆஃப் கல்பபிள் ஹோமிசைட்' என்று எழுத முடியாது. யூனியன் கார்பைடு 1989-ல் கொடுத்த 47 கோடி டாலர் இதில் சேராத தனிக் கணக்கு. அது இரு தரப்பும் பேசி முடித்த தொகை, அதற்குரிய வினை 'செட்டில்டு'. 'ஃபவுண்ட் கில்ட்டி', 'ஃபவுண்ட் லயபிள்' இரண்டுமே அங்கே தப்பு.

லயபிள், ரெஸ்பான்சிபிள், அக்கவுண்டபிள்

'லயபிள்' பணத்தோடு வரும் சொல். சிவில் எனப்படும் உரிமையியல் நீதிமன்றம் யாரையும் 'கில்ட்டி' என்று சொல்வதில்லை, 'லயபிள்' என்றே சொல்லும். அமெரிக்காவில் இரட்டைக் கொலை வழக்கில் சிக்கிய முன்னாள் விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சனை 1995 அக்டோபர் 3 அன்று குற்றவியல் ஜூரி 'நாட் கில்ட்டி' என்றது. 1997 பிப்ரவரியில் உரிமையியல் ஜூரி, அதே இரண்டு மரணங்களுக்கு அவர் 'லயபிள்' என்று 3.35 கோடி டாலர் கட்டச் சொன்னது. இரண்டும் முரண் அல்ல. முதலாவதற்கு நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் வேண்டும். இரண்டாவதற்கு எந்தப் பக்கம் தராசு சாய்கிறது என்பது போதும்.

தவறே செய்யாதவரும் லயபிள் ஆகலாம். லாரி ஓட்டுநர் மோதிவிட்டார், உரிமையாளர் அப்போது வெளியூரில் இருந்தார். இழப்பீட்டுக்கு உரிமையாளர் லயபிள், கல்பபிள் ஓட்டுநர் மட்டும். 1985 டிசம்பரில் டெல்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆபத்தான தொழில் நடத்துபவர் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று சொன்னாலும் தப்ப முடியாது என்ற 'அப்சொல்யூட் லயபிலிட்டி' அங்கே பிறந்தது. ஆகவே 'லயபிள்' என்ற சொல்லைப் பார்த்ததும் 'குற்றவாளி' என்று எழுதிவிடாதீர்கள். 'இழப்பீடு தரக் கடமைப்பட்டவர்' என்பதே நெருக்கம். பின்னால் 'டு' வந்தால் பொருள் வேறு: 'லயபிள் டு எ ஃபைன்' அபராதத்துக்கு உள்ளாகக் கூடியவர், 'லயபிள் டு ஃப்ளடிங்' வெள்ளம் புகக் கூடிய இடம்.

'ரெஸ்பான்சிபிள்' கடமையையும் சொல்லும், காரணத்தையும் சொல்லும், பாராட்டாகவும் வரும். 'ஹூ இஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் திஸ் செக்ஷன்?' என்றால் இந்தப் பிரிவை யார் பார்க்கிறார்கள் என்ற விசாரிப்பு. 'செக்ஷன்' போய், குளறுபடி என்ற பொருளில் 'மெஸ்' வந்தால் விசாரணை. அக்கவுண்டபிள் என்பது நடந்து முடிந்த பிறகு பதில் சொல்ல வேண்டிய கடமை. யாருக்கு என்பதற்கு 'டு', எதற்கு என்பதற்கு 'ஃபார்'. அலுவலகத் திட்டத்தில் ரெஸ்பான்சிபிள் ஐந்து பேராக இருக்கலாம், அக்கவுண்டபிள் ஒருவராக இருப்பதே நல்லது. இரண்டு பேர் என்று போட்டால், கேட்கும்போது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

'கம்ப்ளிசிட் இன்' என்றால் தெரிந்தும் சும்மா இருந்து துணைபோனவர். 'அக்காம்ப்ளிஸ்' கூட நின்று செய்தவர். முன்னதற்குச் சட்டப்பிரிவு தேவையில்லை, பின்னதற்குப் பெரும்பாலும் தேவை.

கைதிலிருந்து விடுதலை வரை

'நகை பறிப்புக் குற்றவாளி கைது' என்று நம் செய்திகளில் தினமும் வருகிறது. அதை அப்படியே ஆங்கிலமாக்கி 'கிரிமினல் அரெஸ்டட்' என்றோ 'கல்ப்ரிட் அரெஸ்டட்' என்றோ போட்டால் வழக்கு நம் மேல் வரும். கைதாகும்போது அவர் 'சஸ்பெக்ட்'. வழக்கில் பெயர் சேர்ந்ததும் 'அக்யூஸ்ட்'. நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்ததும் 'சார்ஜ்டு வித்'. தீர்ப்புக்குப் பிறகு மட்டுமே 'கன்விக்டட் ஆஃப்'.

'அலெஜ்டு' என்ற சொல்லைக் கண்ட இடத்தில் தூவும் பழக்கமும் உண்டு. எது இன்னும் நிரூபணமாகவில்லையோ அதன் மேல் மட்டும் வையுங்கள். கழுத்தை அறுத்துக் கொன்றிருக்கிறார்கள் என்பது பிணக்கூறாய்விலேயே தெரிந்துவிட்டால் 'அலெஜ்டு மர்டர்' என்பது அபத்தம். யார் செய்தது என்பதில்தான் ஐயம், ஆகவே 'அலெஜ்டு கில்லர்'.

பெரிய வில்லங்கம் தமிழின் 'விடுதலை'யில் இருக்கிறது. சாட்சியங்களை விசாரித்துக் குற்றம் நிரூபணமாகவில்லை என்றால் 'அக்விட்டட்'. குற்றச்சாட்டுப் பதிவுக்கே போதுமான ஆதாரம் இல்லை என்று ஆரம்பத்திலேயே அனுப்பிவிட்டால் 'டிஸ்சார்ஜ்டு'. ஜாமீனிலோ தண்டனை முடிந்தோ வெளியே வந்தால் 'ரிலீஸ்டு'. மூன்றுக்கும் நாம் விடுதலை என்றே எழுதுகிறோம். டிஸ்சார்ஜ் ஆனவர் மீது புதிய ஆதாரத்தோடு மறுபடி வழக்கு வரலாம். அக்விட்டட் ஆனவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது, மேல்முறையீடு மட்டுமே வழி. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142-வது பிரிவின்கீழ் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனை வெளியே விட்டதை 'அக்விட்டட்' என்று எழுதக் கூடாது. சரியான சொல் 'ரிலீஸ்டு'. குற்றத்தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை.

இதைவிடச் சிக்கலானது ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கு. 2014 செப்டம்பர் 27-ல் பெங்களூரு சிறப்பு நீதிமன்றத்தில் கன்விக்டட். 2015 மே 11-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் அக்விட்டட். 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து மற்ற மூவரின் தண்டனையை உறுதி செய்தது. அதற்குள் அவர் இறந்துவிட்டதால் அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு 'அபேட்டட்', அதாவது அற்றுப்போனது. இந்த வழக்கைப் பற்றி எழுதும்போது எந்தத் தேதியின் நிலையைச் சொல்கிறீர்கள் என்று குறிப்பிடாமல் ஒற்றைச் சொல் போட்டால் அது எப்படியும் தவறாகத்தான் இருக்கும்.

'நாட் கில்ட்டி'க்கு 'நிரபராதி' என்று எழுதுவதிலும் நிதானம் வேண்டும். நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் தீர்ப்பு. செய்யவே இல்லை என்று தெளிவானால் 'எக்ஸோனரேட்டட்' என்ற வலுவான சொல் இருக்கிறது. மரபணுச் சோதனையில் உண்மை வெளிவந்து வெளியே வந்தவர்களுக்கு அமெரிக்கப் பத்திரிகைகள் இதைத்தான் போடுகின்றன.

நெஞ்சுக்குள் இருப்பவை

'அன்னைக்கே வேளச்சேரியில ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கலாம்.' இது ரிக்ரெட். யாருக்கும் தீங்கு இல்லை, தவறும் இல்லை, இப்படி நடக்காமல் இருந்திருக்கலாம் என்ற ஆதங்கம் மட்டும். ரிமோர்ஸ் வர வேண்டுமானால் நம்மால் ஒருவர் நொந்திருக்க வேண்டும். லத்தீனில் மறுபடி கடித்தல் என்பது அதன் வேர். தண்டனை அளவை முடிவு செய்யும்போது நீதிபதி தேடுவது இதைத்தான். மாட்டிக்கொண்டோமே என்ற வருத்தம் ரிக்ரெட் கணக்கில் போய்விடும்.

கில்ட், ஷேம் இரண்டையும் பிரித்தவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ். 1971-ல் அவர் வைத்த பிரிவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. செய்த செயலைப் பற்றியது கில்ட், செய்த 'நான்' பற்றியது ஷேம். 'இப்படிச் செஞ்சுட்டேனே' முதலாவது, 'நான் இப்படிப்பட்டவனா' இரண்டாவது. முன்னது சரிசெய்யத் தூண்டும், பின்னது ஒளிந்துகொள்ளத் தூண்டும். 'அஷேம்டு' என்பதற்குப் பின் 'ஆஃப்' போட வேண்டும். திருமண வீட்டில் வெள்ளை வேட்டி மேல் ரசம் கொட்டிக்கொண்டால் அது 'எம்பாரஸ்மெண்ட்', அங்கே 'ஷேம்' என்று எழுதினால் கனம் கூடிவிடும்.

'கன்ட்ரிஷன்', 'ரிப்பெண்டன்ஸ்' இரண்டும் தேவாலயத்திலிருந்து வந்தவை. இவற்றுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் ஏற்கெனவே நல்ல சொற்கள் உள்ளன. கத்தோலிக்கர் சொல்லும் உத்தம மனஸ்தாபம் கடவுள் மேல் உள்ள அன்பால் வரும் கன்ட்ரிஷன். தண்டனைக்குப் பயந்து வருவது அதற்குக் கீழே. விவிலியத் தமிழின் மனந்திரும்புதல் ரிப்பெண்டன்ஸ், நடத்தையும் மாற வேண்டும். ஆனால் பொதுவாசகருக்கு மனஸ்தாபம் என்றால் இன்று இருவருக்கு இடையிலான பிணக்கு. ஆகவே சமயம் சாராத கட்டுரையில் அந்தச் சொல் வேண்டாம்.

வருத்தமும் மன்னிப்பும்

'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று தூர்தர்ஷன் காட்டியபோது அது மன்னிப்பு கேட்கவில்லை. ஆங்கில 'ரிக்ரெட்'டும் அப்படியே, அரசியலில் அந்த இடைவெளி கணக்குப் பார்த்துப் பயன்படுகிறது. ஜாலியன்வாலா பாக் படுகொலை நூற்றாண்டை ஒட்டி 2019 ஏப்ரல் 10 அன்று பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த 'ரிக்ரெட்' தெரிவித்தார். 'அபாலஜி' என்ற சொல்லைத் தொடவில்லை, இந்தியாவில் எழுந்த கண்டனமும் அதைப் பற்றியதே. ஆஸ்திரேலியப் பூர்வகுடியினருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக 1999-ல் பிரதமர் ஜான் ஹோவர்ட் கொடுத்ததும் 'ரிக்ரெட்'தான். 2008 பிப்ரவரி 13 அன்று அடுத்த பிரதமர் கெவின் ரட் எழுந்து 'சாரி', 'அபாலஜைஸ்' என்ற இரண்டையும் சொன்ன பிறகே அது மன்னிப்பாக ஏற்கப்பட்டது. மொழிபெயர்க்கும்போது இரண்டையும் 'மன்னிப்பு' ஆக்கினால் செய்தியே தலைகீழாகிவிடும்.

இலக்கணத்திலும் ஒரு பொறி. 'ஐ ரிக்ரெட் டு டெல் யூ' என்றால் கெட்ட செய்தி இனிமேல் வரப்போகிறது. 'ஐ ரிக்ரெட் டெல்லிங் யூ' என்றால் ஏற்கெனவே சொன்னதற்காக இப்போது வருந்துகிறேன். நிராகரிப்புக் கடிதத்தில் இரண்டாவதை எழுதியவர்கள் நிறையப் பேர்.

சரக்கு நான்கு நாள் தாமதமானதற்கு வாடிக்கையாளருக்கு மெயில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவு இப்படி வரும்: 'வி ஆர் கில்ட்டி ஃபார் தி டிலே அண்ட் வி ஆர் லயபிள். தி இன்கன்வீனியன்ஸ் இஸ் ரிக்ரெட்டட்.' முதல் சொல் நிறுவனத்தைக் குற்றக்கூண்டில் ஏற்றுகிறது. 'லயபிள்' இழப்பீட்டை ஒப்புக்கொள்வதாகப் படிக்கப்படலாம், ஒப்பந்தத்தைப் பார்க்காமல் எழுத வேண்டாம். மூன்றாவதில் வருந்துபவர் யாரென்றே இல்லை. மாற்று: 'வி அபாலஜைஸ் ஃபார் தி டிலே. வி மிஸ்டு தி டிஸ்பாச் டேட், அண்ட் வி டேக் ரெஸ்பான்சிபிலிட்டி ஃபார் தட்.' அடுத்த வரியில் சரக்கு வந்து சேரும் தேதி. ஆளிடம் மன்னிப்பு கேட்கும்போது 'டு', செயலுக்கு 'ஃபார்'. எக்காரணம் கொண்டும் 'சாரி இஃப் திஸ் காஸ்டு எனி ப்ராப்ளம்' என்று முடிக்காதீர்கள். நான்கு நாளாகக் கடையைச் சரக்கில்லாமல் நடத்தியவரிடம் அந்த 'இஃப்', சிரமம் இருந்ததா என்றே சந்தேகம் கிளப்பும். அதை எடுத்துவிட்டு 'தட்' போட்டு, என்ன சிரமம் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.